இழுப்பு என்று தேடியவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

மகிழினியின் மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. மத்தியானம் தூங்கும்போது வயிற்றைப் பார்த்து எண்ணினேன். பத்து மாதக் குழந்தைக்கு அது சரியான கணக்குதானாம். போன வாரம் சளி பிடித்ததிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன். ஜெகதீஷ் சிரிக்கிறார். "ஈ.பி.ல இருந்து ரீடிங் எடுக்க வந்தவ மாதிரி இருக்க" என்கிறார்.

இந்த நோட்டு பிரசவத்துக்கு முன்பே வாங்கியது. இன்றைக்குத்தான் பிரிக்கிறேன். சிவபாலன் சார் பேசியதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். ஜெகதீஷிடம் சொன்னால் "விட்டுடு அந்த வேலையை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

"சிந்து, மூணு மாசம் ட்ரையல்னு சொன்னேன்ல? இது மூணாவது மாசம்மா. ஒரே ஒரு பக்கத்தை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து காட்டு. அப்புறம் உன்னை நான் கேள்வியே கேக்க மாட்டேன்."

என் வேலை அவ்வளவுதான். யாராவது செல்போனில் எதையாவது தேடினால் ஒரு பட்டியல் வருமில்லையா, அதில் எங்கள் வாடிக்கையாளரின் இணையதளம் மேலே வர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே செய்யலாம் என்றுதான் சேர்ந்தேன். இப்போது எனக்குக் கொடுத்திருப்பது ஒரு டாக்டரின் தளம். டாக்டர் எழில்வாணன், குழந்தைகளின் மூச்சுத் தொல்லைக்கு மட்டும் பார்க்கிறவர். இங்கே சேலத்தில்தான் கிளினிக்.

'வீசிங்', 'ஆஸ்துமா' என்று தேடினால் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவர்களை நகர்த்த முடியாது. பயமாக இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்து நான்கு வருடம் ஆகிறது, இதையும் விட்டால் இனி யார் கூப்பிடுவார்கள்?

ஆகஸ்ட் 6, புதன்

கிடைத்துவிட்டது! அப்பாவால் கிடைத்தது.

காலையில் கும்பகோணத்துக்குப் பேசினேன். "அப்பாவுக்கு நேத்து ராத்திரியெல்லாம் இழுப்பு" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் வீசிங் என்று யாரும் சொன்னதில்லை. இழுப்புதான். சின்ன வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பாவின் நெஞ்சிலிருந்து வரும் விசில் சத்தம் எனக்குக் கேட்கும்.

பயத்தில் இருக்கிறவர்கள் டாக்டர் பாஷையிலா தேடுவார்கள்? வீட்டில் பேசுவதைத்தானே அடிப்பார்கள்? 'குழந்தைக்கு இழுப்பு' என்று அடித்துப் பார்த்தேன். உருப்படியாக ஒரு பக்கம்கூட இல்லை. காலி மனை!

உட்கார்ந்து எழுதிவிட்டேன். முதல் பத்தி இப்படி:

'குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டதா? பயப்பட வேண்டாம். குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தணியும்வரை பொறுமையாக அருகில் இருங்கள்.'

தலைப்பில் முதலில் 'மூச்சிழுப்பு' என்று போட்டிருந்தேன். அதை யாரும் தேடுவதில்லை என்பதால் 'மூச்சு' என்பதை எடுத்துவிட்டேன். வீசிங் என்ற சொல் மூன்றாவது பத்தியில் வருகிறது. டாக்டருக்கு அனுப்பினேன். நாற்பது விநாடியில் சரி என்று ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒன்பதாவது இடம். மகிக்குக் கீழே இரண்டு பல் முளைக்கிறது. என் தோளைக் கடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்றாவது இடம்.

என்னென்ன சொல்லை அடித்து நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று தினமும் ஒரு பட்டியல் கிடைக்கும். மகிக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டே பார்த்தேன். வேடிக்கையாக இருக்கிறது.

குழந்தை இழுப்பு என்ன செய்வது
இழுப்பு வாயில் நுரை
ஜுரத்தில் இழுப்பு
இழுப்பு பல்லு கட்டி
இழுப்பு சாவி

நுரை என்றால் சளியைச் சொல்கிறார்கள் போல. பல் முளைக்கும்போது சில குழந்தைகளுக்குச் சளி கட்டும், அதுதான் 'பல்லு கட்டி' என்று வருகிறதோ என்னவோ. சாவி எதற்கு என்றுதான் தெரியவில்லை. ஜெகதீஷிடம் காட்டினேன். "வண்டிச் சாவியைத் தேடியிருப்பான், இழுப்பு வண்டியோ என்னமோ" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

நுரை என்று நிறையப் பேர் கேட்கிறார்களே, விடக்கூடாது என்று இரண்டாவது பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்: 'வாயில் நுரை போல வந்தாலும் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு நீர் கொடுங்கள்.' இதை டாக்டருக்கு அனுப்பவில்லை. ஒரு வரிக்கெல்லாம் அவரைத் தொந்தரவு செய்வானேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முதல் இடம். அதற்கும் மேலே! பட்டியலுக்குத் தலையில் ஒரு பெட்டி வரும், பதிலை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டிருக்கும், உள்ளே போகவே வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்குள் என் வரிகள். 'பயப்பட வேண்டாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். வெதுவெதுப்பான நீரைப் புகட்டுங்கள்.' மூன்றே வரி. அம்மாவின் போனில் தேடச் சொன்னேன், அங்கேயும் அதேதான். ஜெகதீஷ் பால்கோவா வாங்கி வந்தார்.

சார் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'சிந்துஜாவைப் பார்த்துக் கத்துக்குங்க.' பதினொரு பேர் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள்.

மகியின் மூச்சை இன்று எண்ணவில்லை. மறந்தே போனேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் மகிக்கு மறுபடி நெஞ்சில் கரகரப்பு. அம்மாவுக்குப் போன் போட்டு, "பாப்பாவுக்கு இழுப்பு வந்துருக்கும்மா" என்று சத்தமாகத்தான் சொன்னேன், சிக்னல் சரியில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழ்வீட்டுப் பரிமளா அக்கா, மாவு மில் வைத்திருப்பவர், இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். கையெல்லாம் மாவு. ஒரு கையில் மில் சாவிக்கொத்து. என்னைத் தள்ளிவிட்டு, மகியின் விரல்களை மடக்கி அந்தச் சாவியைத் திணித்தார்.

"எத்தன நேரமா? கண்ணு சொருகுச்சா? அழுத்திப் புடி, அழுத்திப் புடி!"

மகி சாவியை வாயில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"நீதான கத்துன, புள்ளைக்கு இழுப்புன்னு! மில்லு ஓடற சத்தத்துலயும் கேட்டுச்சு."

"மூச்சு இழுப்புக்கா. வீசிங்."

"அட அதுவா! அது மூச்சுத் தெணறல். இழுப்புன்னா கை கால் இழுக்கறது. கண்ணு சொருகி, பல்லு கட்டி, வாயில நுரை தள்ளி… எங்க சித்தி மவனுக்கு ஜுரம் வந்தா வந்துரும். கையில இரும்பு குடுப்போம். உங்கூர்ல அதுக்கு என்னாம்பீங்க?"

"வலிப்பு."

"என்னமோ போ. எனக்கு உசுரு போயி வந்துச்சு. இப்படியா புள்ளய வெச்சிக்கினு பேசுவ?" சிரித்துக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா, அந்த மாதிரி வந்தா தண்ணி குடுப்பீங்களா?"

"தண்ணியா? பல்லு கட்டுன புள்ளைக்கா? மூச்சுக்கொழாயில போயி புள்ளயே போயிரும். யாரு சொன்னா ஒனக்கு?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

அவர் போனதும் பட்டியலைத் திறந்தேன். நுரை. பல்லு கட்டி. ஜுரத்தில். சாவி. இப்போது அதில் புதிதாக இரண்டு: 'இழுப்பு கண்ணு சொருகி'. 'இழுப்பு இரும்பு இல்லனா'.

மகியின் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தேன். மூன்று முறை துடைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"சரி, நீ என்ன பண்ணணும்னு சொல்ற?"

"தலைப்பை மாத்தணும் சார். வெந்நீர் வரியை எடுக்கணும். இப்பவே எடுத்துடறேன்."

"முதல் இடத்துல இருக்கிற பக்கத்துல யாராச்சும் கை வெப்பாங்களாம்மா? ஒரு வார்த்தை மாறுனா எங்க போய் விழும்னு உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை டாக்டரோட மீட்டிங். அங்க அவர்கிட்டயே ஸ்க்ரீன்ல காட்டணும். அப்புறம் மாத்திக்க."

"சார், வலிப்பு வந்த குழந்தைக்கு…"

"வலிப்புன்னு தேடறவங்க நம்ம டாக்டர்கிட்ட வரவே போறதில்ல சிந்து. அவங்க நம்ம கஸ்டமரே கிடையாது. பாத்துட்டுப் போயிடுவாங்க. மூணே நாளு. புரியுதா?"

புரிகிறது என்றேன். கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் சார் சொன்ன பிறகு எப்படி? டாக்டர் பெயரில் இருக்கிற பக்கம், அவரைக் கேட்காமல் மாற்றுவதும் முறையில்லை. மூன்று நாள்தானே. அதற்குள் பரிமளா அக்கா மாதிரி யாராவது பக்கத்தில் இருப்பார்கள், தண்ணீர் கொடுக்காதே என்று சொல்வார்கள். எல்லா வீட்டுக்கும் கீழே ஒருத்தர் இருப்பார்கள்.

மகி, முப்பத்தாறு.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று மட்டும் பக்கத்துக்கு வந்தவர்கள் நூற்று நாற்பத்திரண்டு பேர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பக்கத்தின் அடியில் டாக்டரிடம் கேள்வி கேட்க ஒரு படிவம் உண்டு. அதில் வருவதெல்லாம் கிளினிக்குக்கும் போகும், எனக்கும் வரும். தினமும் காலையில் பார்த்து, எண்ணிக்கை எழுதி, சாருக்கு அனுப்ப வேண்டும். இன்று காலை ஒன்றே ஒன்று இருந்தது. நேற்று மாலை 4.12க்கு வந்தது.

பெயர்: சங்கவி. குழந்தையின் வயது: ஒன்றரை. கேள்வி: 'இழுப்பு வந்துச்சு நீங்க போட்டபடி உக்கார வெச்சு வெந்நீர் குடுத்தோம் பாதி வெளிய வந்துருச்சு இன்னும் நிக்கல ஒடம்பு நீலமா ஆவுது அடுத்து என்ன பண்ணணும்'.

நேற்று மாலை 4.12. இன்று காலை 9.40க்குப் படிக்கிறேன். கிளினிக்கில் யாரும் திறக்கவே இல்லை.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. மகியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தபடி ஒன்பது முறை. பத்தாவது முறை, 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது'.

பக்கத்தை மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எதை எழுதுவது என்று தெரியாமல் 108க்கே போன் செய்து கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகச் சொன்னார், நான் அப்படியே எழுதினேன்:

'கை கால் இழுத்து, கண் சொருகி, வாயில் நுரை தள்ளுகிறதா? அது வலிப்பு. பயப்படுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.'

'பயப்படுங்கள்' என்று 108காரர் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது.

மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது.

ஆனால் தேடினால் அந்தப் பெட்டியில் இன்னும் பழைய வரிதான் வருகிறது. பக்கத்தை மாற்றினாலும் தேடுபொறி மறுபடி வந்து படிக்கும்வரை பெட்டி மாறாது. சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு வாரம். ஆகவே செவ்வாய்க்கிழமையே நான் மாற்றியிருந்தாலும் அந்தப் பெண் பெட்டியில் பார்த்திருக்கப்போவது வெந்நீர்தான். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மீட்டிங். மூன்று பேரும் திரையில். சார் முதல் இடத்தைக் காட்டுவதற்கு முன்பே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். சங்கவியின் கேள்வியை வாசித்தேன். மகி பக்கத்தில் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தமும் சேர்ந்து போயிருக்கும்.

டாக்டர், "நீங்க எழுதி அனுப்பினதை நான் படிக்கவே இல்லைங்க" என்றார். "ஓ.பி. நடுவுல வந்தது. கட்டைவிரலைத் தட்டி விட்டுட்டேன்."

சார், "சின்னக் குழப்பம்தான் டாக்டர், சரி பண்ணிட்டோம்" என்றார்.

"எதைச் சரி பண்ணீங்க? அந்தம்மா நம்பரை எனக்கு அனுப்புங்க."

முடிந்ததும் சார் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டு மாத்தியிருக்கலாம்ல? மாசக் கடைசில உக்காந்து பேசுவோம்." குரலில் கோபமே இல்லை. அதுதான் பயம்.

எண் அணைத்தே இருக்கிறது. பெட்டியில் வெந்நீர்.

ஆகஸ்ட் 23, சனி

பெட்டியில் வெந்நீர். எண் அணைப்பில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜெகதீஷுக்கு இன்றுதான் எல்லாம் சொன்னேன். என்னிடமிருந்து போனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தார். "தேடாத சிந்து. நீ தேடத் தேட அது இன்னும் மேலதான் நிக்கும்" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டூல் போட்டு எடுக்கக் கொஞ்ச நேரம் பயமாக இருந்தது.

பரிமளா அக்கா மகிக்கு வறுத்து அரைத்த சத்துமாவு கொடுத்துவிட்டுப் போனார். "என்னடி கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு? புள்ளைக்கு அந்த மூச்சுத் தெணறல் போச்சா?" என்றார். போய்விட்டது என்றேன். மகிக்கு நிஜமாகவே சரியாகிவிட்டது. முப்பத்திரண்டு. அதைச் சந்தோஷமாக எழுத முடியவில்லை.

நூற்று ஆறு பேர்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பெட்டி காணாமல் போய்விட்டது. காலை ஆறே காலுக்கு இருந்தது, மகியைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால் இல்லை. நம் பக்கம் ஏழாவது இடத்தில் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பயப்படுங்கள்' என்று தெரிகிறது.

மேலே இருக்கும் ஆறு பக்கங்களையும் திறந்து படித்தேன். நான்காவது பக்கம் என் பழைய பத்திகளை அப்படியே நகல் எடுத்துப் போட்டிருக்கிறது. நுரை வரியோடு. அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

எடுத்துவிட்டார்.

பதினொரு மணி இருக்கும். வழக்கமாகப் போடுவது போலத்தான் போட்டேன், அணைப்பில் இருக்கும் என்று. மணி அடித்தது. "அலோ" என்றது ஒரு பெண் குரல். என்னைவிடச் சின்னப் பெண் போல இருந்தது.

"சங்கவிங்களா?"

"ஆமா. யாருங்க?"

"கிளினிக்குல இருந்து பேசறேன். டாக்டர் எழில்வாணன் கிளினிக். போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தீங்க. பாப்பா எப்படி இருக்கு?"

கேட்டுவிட்டு, மகியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து சாயங்காலந்தாங்க வீட்டுக்கு வந்தோம். பையன்ங்க. நெஞ்சுல தண்ணி போயிருச்சுன்னாங்க. நிமோனியா ஆகி ஏழு நாளு ஐ.சி.யூ.ல. இப்ப பரவாயில்லீங்க, கொஞ்சம் கரகரன்னு இருக்குது. போன வீட்லயே போட்டுட்டு ஓடிட்டோம், அதான் எடுக்கல. உங்க டாக்டருங்களா? இவ்ளோ நாள் கழிச்சும் விசாரிக்கறீங்களே!"

நான் ஏதோ சொன்னேன்.

"நீங்க அந்தப் பெட்டில வர்றத மட்டும் பாத்தீங்களாக்கும்?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன்?

"இல்லீங்க, உள்ள போயி முழுசாப் படிச்சேன். ரெண்டு வாட்டி. நுரை வருதே, நுரை வருதேன்னு ஒரே பதட்டம். நுரை வந்தாலும் பயப்பட வேண்டாம்னு அதுல போட்டிருந்துச்சு. ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க. யாரோ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. படிச்சதும் பயமே போயிருச்சுங்க. வீட்டுக்காரரு வண்டி எடுக்கறேன்னாரு, நாந்தான் இருங்க, தணிஞ்சிரும்னு போட்டிருக்குதுன்னு சொன்னேன். அரை மணி நேரம். ஆஸ்பத்திரில அதான் திட்டுனாங்க. அந்த அரை மணி நேரம் எதுக்கு வெச்சிருந்தன்னு."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வரேன்… வெச்சிடட்டுங்களா?" என்றார். சரி என்றேன்.

நான்தான் எழுதினேன் என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

உள்ளே போய் முழுசாகப் படித்திருக்கிறார். புதன்கிழமை. செவ்வாயே மாற்றியிருந்தாலும் அவர் பார்த்திருக்கப்போவது வெந்நீர்தான் என்று 21ஆம் தேதி இந்த நோட்டில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறேனே, அதை அடித்துவிட்டேன். அடித்த கோடு அடுத்த பக்கம் வரைக்கும் பதிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேரம் கிடைத்தது. நேற்றும் கிடைத்தது.

மகியைப் பரிமளா அக்காவிடம் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"யாருங்க?"

"நேத்து கிளினிக்குல இருந்துன்னு சொன்னேனே, அது பொய்ங்க. நான் கிளினிக்குல இல்ல. டாக்டரும் இல்ல. எங்க ஊர்ல இழுப்புன்னா வேற. அதை எழுதினது நான்தான். தப்புன்னு எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். நீங்க படிச்சது புதன்கிழமை."

அவர் போனை வைக்கவில்லை. பையன் தோளில் இருக்கிறான் போல. அவன் மூச்சு விடுவது போனில் கரகரவென்று கேட்டது.

எண்ண ஆரம்பித்தேன்.